மாரிக்கு முன் வீட்டைத் தயார்ப்படுத்தல்: நிலாவெளியில் கடலுக்கு அருகே இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

கேள்வி: மலைநாட்டு மருமகள் (நிலாவெளி)

அனைவருக்கும் வணக்கம். நிலாவெளியில், பத்தாம் கட்டைக்குச் சற்று முன்னால், கடற்கரையிலிருந்து ஏறத்தாழ 350 மீற்றர் தூரத்தில் எங்கள் வீடு இருக்கிறது. நான் ஹற்றனில் பிறந்து வளர்ந்தவள். வீட்டுக்குப் பின்னாலுள்ள மண்மேட்டில் வெடிப்பு விழுந்தாலோ, இதுவரை இல்லாத இடத்தில் கலங்கல் ஊற்றுக் கிளம்பினாலோ பொருட்களைப் பார்க்காமல் வெளியேற வேண்டும் என்று எங்களுக்குச் சிறுவயதிலேயே சொல்லித் தந்திருக்கிறார்கள். கடலைப் பற்றியும் புயலைப் பற்றியும் அப்படி எவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

வீட்டில் நாங்கள் நால்வர் இருக்கிறோம். மாமிக்கு 74 வயது. பாரிசவாதம் வந்த பின் அவரால் நடக்க முடியாது, காலையும் மாலையும் இன்சுலின் ஏற்ற வேண்டும். மகனுக்கு 9 வயது, மகளுக்கு 5 வயது. கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். வீட்டின் முன்பகுதிக்கு அஸ்பெஸ்டஸ் சீற் போடப்பட்டிருக்கிறது. பிற்பாடு கட்டிய குசினிக்கும் குளியலறைக்கும் மட்டும் கொங்கிறீற் தட்டு உண்டு. குடிப்பதற்கும் சமைப்பதற்கும் கிணற்றுத் தண்ணீரைத்தான் பயன்படுத்துகிறோம்.

2025 நவம்பர் இறுதியில் திட்வா புயல் வந்தபோது எங்களுக்கு நான்கு நாட்கள் மின்சாரம் இல்லை. இரண்டாம் நாள் தொலைபேசியும் செத்துவிட்டது. நாங்கள் உயிரோடு இருக்கிறோம் என்பதைக் கணவருக்குச் சொல்ல வழியில்லாமல், மாமியின் இன்சுலினைக் கையில் வைத்துக்கொண்டு, சூடு ஏறிக்கொண்டிருந்த குளிர்சாதனப் பெட்டியைப் பார்த்தபடி நின்ற அந்த இரவை என்னால் மறக்க முடியவில்லை. அதன் பிறகு இணையத்தில் கிடைத்த ஒரு "அவசரப் பை" பட்டியலைப் பார்த்துச் சில பொருட்களை வாங்கினேன். ஆனால் அந்தப் பட்டியல், வாசலில் கார் நிற்கின்ற, வீட்டில் எல்லோரும் ஓடக்கூடிய ஒரு குடும்பத்துக்காக எழுதப்பட்டது போலத் தெரிகிறது.

எனக்குத் தெரிய வேண்டியவை இவை. எல்லா ஆபத்துக்கும் ஒரே ஆயத்தம் போதுமா? எப்போது வெளியேற வேண்டும், எப்போது வீட்டிலேயே இருக்க வேண்டும்? நடக்க முடியாத ஒருவரை ஒற்றைப் பெண் எப்படிக் கொண்டுபோவது? ஒரே தடவையில் பதினையாயிரம் ரூபாய்க்கு மேல் செலவழிக்க முடியாது என்பதையும் கருத்தில் கொண்டு சொல்லுங்கள்.

பதில்: வாடைக்காற்று (பாலையூற்று)

பிள்ளைக்கு வணக்கம். கட்டட மேற்பார்வையாளராக வேலை செய்து ஓய்வுபெற்றவன் நான். பையைப் பிறகு பார்ப்போம். உங்கள் வீட்டுக்கு வரக்கூடிய ஆபத்துகள் மூன்று. அவற்றில் ஒன்றுக்குச் சரியான செயல் இன்னொன்றுக்கு உயிராபத்தாக முடியும் என்பதால், முதலில் அவற்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். சுனாமி என்றால் அந்த நிமிடமே கிளம்ப வேண்டும். புயல் என்றால் முதல் நாளே கிளம்பிவிட வேண்டும். காற்று ஏறத் தொடங்கிவிட்டால் வாசலைத் தாண்டக் கூடாது. வெள்ளம் என்றால் வீதி மூடுவதற்கு முன் போய்விட வேண்டும். வெள்ளத்தைப் பற்றி மூதூர், கிண்ணியாப் பக்கத்து உறவுகள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

2004 டிசம்பர் 26ஆம் திகதி சுமாத்திராவுக்கு அருகே நிலம் நடுங்கியபோது இங்கே எங்களில் பெரும்பாலோருக்கு அது தெரியவே இல்லை. அங்கிருந்து அலை எங்கள் கிழக்குக் கரையை வந்தடைய ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் எடுத்தது. இன்று போல ஒரு எச்சரிக்கை அன்று இருந்திருந்தால் அந்த இரண்டு மணித்தியாலத்தில் மாமியைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். இப்போது அனர்த்த முகாமைத்துவ நிலையம் இருக்கிறது, 117 என்ற இலக்கம் இருக்கிறது, கரையோரத்தில் எச்சரிக்கைக் கோபுரங்களும் இருக்கின்றன. என்றாலும் கடல் வழமைக்கு மாறாக உள்வாங்கினாலோ, நிற்க முடியாத அளவுக்கு நிலம் நீண்ட நேரம் ஆடினாலோ, சைரன் ஒலிக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். முதல் அலை வடிந்ததும் திரும்பி வரவும் வேண்டாம். பின்னால் வருவது அதைவிடப் பெரிதாக இருக்கலாம்.

நிலாவெளிக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. முன்னால் கடல், பின்னால் களப்பு. கடலுக்கு எதிர்த்திசையில் ஓடினால் போதும் என்று புத்தகங்களில் எழுதியிருப்பது உங்களுக்கு முழுமையாகப் பொருந்தாது, ஏனென்றால் களப்பின் வாய் வழியாகவும் கடல் உள்ளே ஏறும். ஆகவே பகல் வேளையில் ஒருநாள் பிள்ளைகளோடு நடந்து போய், எந்த ஒழுங்கை மேட்டுக்குப் போகிறது, எது தண்ணீரில் முடிகிறது என்று பாருங்கள். தூரம் போக நேரமில்லாவிட்டால், நல்ல தூண்களோடு கட்டப்பட்ட, இரண்டு அல்லது மூன்று மாடிக் கொங்கிறீற் கட்டடத்தின் மேல்தளம் அடுத்த வழி. அப்படி ஒன்று நடக்கும் தூரத்தில் இருந்தால் அதன் உரிமையாளரிடம் இன்றே கேட்டுவையுங்கள். நள்ளிரவில் போய் வாயிற்கதவைத் தட்டும்போது அவர் உங்களை அறிந்திருக்க வேண்டும்.

2012 ஏப்ரல் 11ஆம் திகதி 8.6 அளவில் ஒரு நிலநடுக்கம் வந்ததும், கரையோரம் முழுவதும் சனம் வெளியேறியதும் பலருக்கு நினைவிருக்கும். அன்று புவித்தட்டுகள் பக்கவாட்டில் நகர்ந்ததால் பெரிய அலை எழவில்லை. ஆனால் வீதியில் நான் கண்டதை மறக்க மாட்டேன். பாலத்தடியில் ஆட்டோவும் வானும் மோட்டார் சைக்கிளும் முட்டிக்கொண்டு நின்றன. தமது பிள்ளைகளைக் கூட்டிவரப் பாடசாலையை நோக்கிப் போனவர்கள் எதிர்த்திசையில் வந்தார்கள். ஆகவே மகனின் பாடசாலையில் கேளுங்கள்: எச்சரிக்கை வந்தால் பிள்ளைகளை எங்கே கொண்டுபோவீர்கள்? அந்த இடத்தைத் தெரிந்துகொண்டு நேரே அங்கே போய்ச் சேருங்கள். ஆசிரியர்களோடு ஏற்கெனவே மேட்டுக்குப் போய்விட்ட பிள்ளையைத் தேடித் தாய் கரைக்கு வருவதைப் போன்ற கொடுமை வேறில்லை.

இனிக் கூரைக்கு வருகிறேன். இது என் தொழில் என்பதால் கொஞ்சம் நீட்டி எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். தனுஷ்கோடியை அழித்த 1964 டிசம்பர்ப் புயல் எங்கள் கரையைக் கடந்துதான் அங்கே போனது. 1978 நவம்பரில் மட்டக்களப்பு அடிவாங்கியது. 2000ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி திருகோணமலைக்கு அருகிலேயே ஒரு புயல் கரையேறியது (சரியாக நான்கு ஆண்டுகள் கழித்து அதே திகதியில் கடல் வந்தது என்பதை எங்கள் தெருவில் இன்றும் சொல்லிக்கொள்வார்கள்). 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவி திருகோணமலைக்கு வடக்கே கரையைக் கடந்தது. இவை எல்லாம் நவம்பரிலும் டிசம்பரிலும் வந்தவை. ஆகவே கூரை வேலையைச் செப்டெம்பரில் முடித்துவிட வேண்டும். ஒக்டோபரில் மேசனைப் பிடிக்கவும் முடியாது.

காற்று கூரையை அமத்தி உடைப்பதைவிடத் தூக்கிப் பிடுங்குவதே அதிகம். முதலில் கிளம்புவது ஓரத்துச் சீற்றும் முகட்டுச் சீற்றும்தான். அந்த வரிசைகளில் கொழுக்கி ஆணி துருப்பிடித்திருக்கிறதா, வாசர் இறுகியிருக்கிறதா என்று ஆளைக் கொண்டு பார்ப்பியுங்கள். நீங்களாக மேலே ஏற வேண்டாம். பழைய அஸ்பெஸ்டஸ் சீற் ஆளின் பாரத்தில் சொல்லாமல் கொள்ளாமல் உடையும். அடுத்ததாக, சுவரின் மேல் படுத்திருக்கும் வளை சுவரோடு கம்பியால் பிணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பல வீடுகளில் வளை சும்மா சாந்தில் கிடக்கும்; சீற்றை எவ்வளவு இறுக்கினாலும் கூரை மொத்தமாகப் போய்விடும். முன்பத்திக் கூரை பெரிய கூரையின் நீட்சியாக இருந்தால் அதைத் தனியாகப் பிரித்துவிடுங்கள். பத்திக்குள் புகும் காற்று மேலே தள்ளும்போது, தான் போவதோடு பெரிய கூரையையும் இழுத்துக்கொண்டு போவது அதுதான். இந்த மூன்றுக்கும் உங்கள் பதினையாயிரத்தில் பாதிக்கு மேல் போனாலும் பரவாயில்லை என்பேன். அடுத்த மாதம் பை வாங்கலாம்.

முதல் நாளே கிளம்ப முடியாமல் போய்விட்டால், புயல் இரவில் நீங்கள் நால்வரும் தட்டுப் போட்ட குளியலறையிலும் குசினியிலும் இருங்கள். மாமியின் கட்டிலை மாலையிலேயே அங்கே கொண்டுவந்துவிடுங்கள். காற்று திடீரென்று நின்று வானம் வெளித்தால் புயலின் கண் உங்களுக்கு மேலே நிற்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் எதிர்ப்புறத்திலிருந்து அடிக்கும்.

பதில்: கொட்டியாரத்தான் (மூதூர்)

அஸ்ஸலாமு அலைக்கும், தங்கச்சி. வாடைக்காற்று ஐயா சொன்னவற்றோடு நான் முற்றாக உடன்படுகிறேன், ஒன்றைத் தவிர: பை அவ்வளவு பிந்தக் கூடாது. குறைந்தது உறுதியும் பத்திரங்களும் இன்றே ஓரிடத்துக்கு வர வேண்டும். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

எங்கள் பக்கத்து வெள்ளத்தைப் பற்றி வெளியூரவர்கள் தவறாக விளங்கிக்கொள்வது ஒன்று உண்டு. மூதூரில் பெய்யும் மழை எங்களை மூழ்கடிப்பதில்லை. 335 கிலோமீற்றர் ஓடி வரும் மகாவலி, மலைநாட்டின் மழையைச் சுமந்துகொண்டு எங்களிடம்தான் வந்து கடலில் விழுகிறது. ஒரு கிளை வெருகலாறாகப் பிரிந்து போகிறது. கண்டியிலும் நுவரெலியாவிலும் கொட்டித் தீர்த்த பிறகு, இங்கே வெயில் எறிக்கும்போது, தண்ணீர் வந்து சேரும். திட்வாவில் நடந்தது இதுதான். மழை விட்டுவிட்டது என்று பாயை வெளியே காயப்போட்டவர்கள் அடுத்த நாள் படகுக்குக் காத்திருந்தார்கள். மாவிலாற்று அணைக்கரையும் உடைத்துக்கொண்டது. ஆகவே எங்களைப் போன்றவர்கள் பார்க்க வேண்டியது வீட்டுக்கு மேலே உள்ள வானத்தை அன்று, மனம்பிட்டியில் ஆற்றின் மட்டத்தை. நீர்ப்பாசனத் திணைக்களம் அதை வெளியிடுகிறது. வான்கதவு திறக்கும் செய்தி வானொலியில் வருகிறது. நிலாவெளிக்கு மகாவலி வராது என்றாலும், உங்கள் சொந்தங்கள் யாராவது தம்பலகாமம், கிண்ணியா, வெருகல் பக்கம் இருந்தால் அவர்களிடம் புகலிடம் தேடும் திட்டத்தை மாற்றிக்கொள்ளுங்கள். கந்தளாய்க் குளம் 1986 ஏப்ரல் 20ஆம் திகதி விடியப்புறத்தில் உடைத்தபோது நூற்றுக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. அன்று மழைக்காலம் கூட இல்லை என்று எங்கள் வாப்பா சொல்வார்.

இனிப் பத்திரங்கள். எங்கள் வீட்டில் காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள், விவாகப் பதிவு, வங்கிப் புத்தகம் எல்லாம் ஒரு பொலித்தீன் பையில் சுற்றப்பட்டு அலுமாரியின் மேல்தட்டில் இருந்தன. வெள்ளம் இடுப்பளவுக்குத்தான் வந்தது. மேல்தட்டு எப்படியும் தப்பும் என்று நம்பிக்கொண்டு பள்ளிவாசல் மாடியில் இருந்தோம். மர அலுமாரி மிதக்கும் என்பது எனக்கு அன்றுவரை தெரியாது. அது மிதந்து, சுவரில் மோதி, முகங்குப்புற விழுந்து மூன்று நாட்கள் தண்ணீரில் கிடந்தது. உறுதியின் தாள்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பார்த்தபோது முத்திரையின் ஊதா மை அடுத்த பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது. நொத்தாரிசின் கையெழுத்து இருந்த இடத்தில் ஒரு நீலக் கறை மட்டும் மிஞ்சியது. காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்கலாம், பிரதேச செயலகத்தில் சான்றிதழ் எடுக்கலாம், எடுத்தும் விட்டோம். ஆனால் அடையாள அட்டை இல்லாமல் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க அலைந்த அந்த மாதங்களை எவருக்கும் நான் விரும்ப மாட்டேன். ஒரு கருமபீடத்தில் கேட்ட கடிதத்தை அடுத்த கருமபீடம் ஏற்காது.

அதனால் தங்கச்சி, இறுக்கமான மூடியுள்ள ஒரு பிளாஸ்ரிக் வாளியை வாங்கி, பத்திரங்களை இரட்டைப் பையில் இட்டு அதற்குள் வையுங்கள். வீட்டில் வைத்துப் பூட்டுவதற்கென்று எண்ண வேண்டாம். நீங்கள் போகும்போது உங்கள் கையோடு அந்த வாளியும் வர வேண்டும். ஒவ்வொரு தாளையும் தொலைபேசியில் படம் எடுத்துக் கட்டாரிலுள்ள மச்சானுக்கு அனுப்பிவிடுங்கள். வீட்டின் உள்ளும் புறமும் கூடப் படம் எடுத்துவையுங்கள். சேத விபரம் பதிய வரும்போது கிராம உத்தியோகத்தருக்குக் காட்ட முன்னைய நிலை வேண்டும்.

எங்கள் ஊரில் தொலைபேசி விழுந்த பிறகும் வேலை செய்தது பள்ளிவாசல் ஒலிபெருக்கிதான். உங்கள் பக்கத்தில் கோயில் மணியோ தேவாலய மணியோ அதற்கு உதவுமா என்று ஊர்ப் பெரியவர்களோடு பேசிப் பாருங்கள்.

பதில்: மட்டிக்களித் தாதி

சகோதரிக்கு வணக்கம். ஆண்டுகள் பலவாகச் சிகிச்சை நிலையத்தில் நீரிழிவு நோயாளர்களைப் பார்த்துவருகிறேன். உங்கள் மாமிக்காகச் சிலவற்றை எழுதுகிறேன்; அவருடைய வைத்தியரிடமும் ஒருமுறை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

திட்வா இரவில் நீங்கள் பயந்த அளவுக்குப் பயப்படத் தேவையில்லை. பாவனையில் உள்ள இன்சுலின் குப்பி, 30 பாகைக்கு மேற்படாத அறை வெப்பநிலையில் பொதுவாக நான்கு வாரங்கள் வரை தாங்கும். எத்தனை நாள் என்பது வகைக்கு வகை மாறுவதால் பெட்டிக்குள் உள்ள தாளைப் பாருங்கள். குளிர்சாதனப் பெட்டி தேவைப்படுவது இன்னும் திறக்காத குப்பிகளுக்கே. மின்சாரம் போனால் ஒரு பெரிய மண்சட்டிக்குள் சிறிய மண்பானையை வைத்து, இரண்டுக்கும் நடுவே மணலை நிரப்பி நனைத்து, குப்பியைப் பொலித்தீனில் சுற்றிச் சிறிய பானைக்குள் இட்டு, ஈரத்துணியால் மூடிக் காற்றோட்டமான நிழலில் வையுங்கள். மணல் காயக் காய நீர் தெளிக்க வேண்டும். உங்கள் வாசலில் மணலுக்குப் பஞ்சமில்லை. ஐஸ் கட்டியின் மேல் நேரடியாக வைத்துவிட வேண்டாம். உறைந்த இன்சுலின் பழுதாகிவிடும், பிறகு உருகினாலும் அதைப் பாவிக்கக் கூடாது.

இன்னொன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அனர்த்த நாட்களில் சாப்பாடு நேரத்துக்குக் கிடைக்காது, ஆனால் ஊசி மட்டும் நேரத்துக்கு ஏறிவிடும். முகாம்களில் நான் கண்ட மயக்கங்கள் பலவற்றுக்குச் சீனி கூடியது காரணமில்லை, குறைந்ததுதான் காரணம். மாமியின் பையில் சீனியோ குளுக்கோஸ் பைக்கற்றோ எப்போதும் இருக்கட்டும். கிளினிக் கொப்பியின் பிரதியும், இரு வாரத்துக்கான மாத்திரைகளும், ஊசிகளும், சோதனைக் கருவியும், அதற்குப் பொருந்தும் மின்கலமும் அதே பையில் வேண்டும். அவசர நோயாளர் காவு வண்டிக்கு 1990.

தண்ணீரைப் பொறுத்தவரை, குடிக்கவும் சிறிதளவு சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லீற்றர் என்று வைத்தால், நால்வருக்கு மூன்று நாட்களுக்கு 48 லீற்றர் வரும். 20 லீற்றர் கான்கள் மூன்று போதும். தாழமுக்கம் என்ற சொல்லைச் செய்தியில் கேட்டவுடன் அவற்றைக் கழுவி நிரப்புங்கள். மேலுள்ள தாங்கியையும் நிரப்பிவிடுங்கள், நிறைந்த தாங்கியைக் காற்று எளிதில் உருட்டாது. வெள்ளத்துக்குப் பின் கிணற்றுத் தண்ணீரைத் தெளிந்திருந்தாலும் நம்ப வேண்டாம். நன்றாகக் குமிழியிட்டு ஒரு நிமிடமாவது கொதித்த பிறகே குடியுங்கள். கிணற்றுக்குக் குளோரின் இடும் வேலையைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் விடுங்கள்.

கடல்நீர் கிணற்றுக்குள் இறங்கினால் கதை வேறு. கொதிக்கவைத்தாலும் குளோரின் இட்டாலும் உப்புப் போகாது. 2004க்குப் பிறகு எங்கள் கிழக்கில் பலரும் செய்த பிழை, உப்பை வெளியேற்றுவதாக எண்ணி மோட்டார் பூட்டி நாட்கணக்காக இறைத்ததுதான். கரையோர மணலுக்கு அடியில் நல்ல தண்ணீர் ஒரு மெல்லிய படையாக உப்பு நீரின் மேல் மிதக்கிறது; மேலே அளவுக்கு மீறி இறைத்தால் அடியிலுள்ள உப்பு மேலேறி வந்துவிடும். சேற்றை அகற்ற மெதுவாக ஒருமுறை இறைத்துவிட்டு, மழை அந்தப் படையை மீண்டும் நிரப்பும் வரை பவுசர் தண்ணீரில் காலத்தைக் கழிப்பதே வழி.

மாமியைத் தூக்கும் விடயத்தில், சக்கர நாற்காலியை நம்ப வேண்டாம். நிலாவெளி ஒழுங்கையின் மணலில் அதன் முன்சில்லுகள் புதைந்துவிடும். பிளாஸ்ரிக் கதிரையும் கூடாது. பாரத்தோடு தூக்கும்போது கால் அகன்று முறியும். உறுதியான மரக்கதிரையின் இரு பக்கமும் இரண்டு நீளக் கம்புகளைக் கட்டி, அவரை இடுப்பில் ஒரு சாரத்தால் கதிரையோடு சேர்த்துக் கட்டினால் இருவர் சுமக்கலாம். அந்த இரண்டாவது ஆள் யார் என்பதை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். இதைத் தனியே செய்ய முடியாது.

பதில்: உப்புவெளி இளைஞன்

இவ்வளவு யோசிக்க வேண்டுமா? ஒரு வானை வாடகைக்குப் பேசிவைத்தால், எச்சரிக்கை வந்ததும் பத்து நிமிடத்தில் நகரத்துக்குப் போய் உவர்மலையில் ஏறிவிடலாம் அல்லவா? நல்லதொரு பவர் பேங்கும் வாங்கிக்கொள்ளுங்கள்.

பதில்: வாடைக்காற்று (பாலையூற்று)

தம்பி, பவர் பேங்க் நல்ல யோசனை. தொலைபேசி வலையமைப்பு நலிந்திருக்கும்போது அழைப்பு எடுபடாவிட்டாலும் குறுஞ்செய்தி போய்ச் சேரும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வான் விடயத்தில்தான் என் மனம் ஒப்பவில்லை. புயலுக்கு முதல் நாள் போவதற்கு வான் சரி. சுனாமி எச்சரிக்கையின்போது அந்தச் சாரதிக்கும் மனைவி மக்கள் இருப்பார்கள். அவர் முதலில் அவர்களிடம்தான் போவார், போகவும் வேண்டும். அதோடு நிலாவெளியிலிருந்து நகரத்துக்கு வரும் வீதி நெடுகக் கரையோரமாகத்தான் வருகிறது. கடலிலிருந்து தப்புவதற்காகக் கடலோரமாகவே பத்து மைல் வருவானேன்?

பதில்: மலைநாட்டு மருமகள் (நிலாவெளி)

அனைவருக்கும் நன்றி. மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். முதலில் கூரையைப் பார்ப்பித்தோம். ஐயா சொன்னது போலவே வளை சுவரில் சும்மா கிடந்தது. மேசன் கையால் ஆட்டிக் காட்டினார். பிணைத்தாயிற்று. பத்தியைப் பிரிக்க அடுத்த மாதம் பணம் வரும்.

இரண்டாவது ஆளைக் கண்டுபிடித்ததுதான் பெரிய வேலை. எங்கள் பின்வீட்டில் கடற்றொழில் செய்யும் ஒரு குடும்பம் இருக்கிறது. வேலித் தகராறு ஒன்றினால் இரண்டு ஆண்டுகளாகப் பேச்சுவார்த்தை இல்லை. வெட்கத்தை விட்டு அந்த அக்காவிடம் போய்க் கேட்டேன். அவர் 2004இல் தன் தாயாரை இழந்தவர் என்பது எனக்கு அதுவரை தெரியாது. "நீர் கேட்காட்டியும் நான் வந்திருப்பன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, தன் மகன்மார் இருவரையும் அழைத்து மாமியின் அறையைக் காட்டினார்.

கடந்த ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை பார்த்தோம். மரக்கதிரை, கம்புகள், சாரம் எல்லாம் சரியாக இருந்தன. நாங்கள் தெரிந்தெடுத்த மாடிக் கட்டடத்துக்குப் போய்ச் சேர 23 நிமிடங்கள் சென்றன. அதில் 8 நிமிடங்கள் வீட்டுக்குள்ளேயே போய்விட்டன. பின்வாயிற்கதவின் திறப்பு எங்கே என்று தேடினோம், மகள் பாட்டா இல்லாமல் வரமாட்டேன் என்று அழுதாள், வாளியை எடுக்க நான் இரண்டாம் முறை உள்ளே போனேன். இப்போது திறப்பு நிலைக்கதவுக்கு அருகே ஆணியில் தொங்குகிறது, வாளி அதற்குக் கீழே இருக்கிறது, மகனுக்கு அவனது வேலை வாளி என்று சொல்லப்பட்டிருக்கிறது. இரண்டாம் தடவை 14 நிமிடங்கள். மாமி கதிரையில் இருந்தபடி, கலியாண ஊர்வலத்துக்குப் பிறகு தன்னை எவரும் இப்படித் தூக்கவில்லை என்றார்.

கணவருக்கு நாங்கள் ஒவ்வொருவரும் தனித்தனியே அழைக்காமல், வவுனியாவிலுள்ள அவரது தம்பிக்கு ஒரு குறுஞ்செய்தி மட்டும் அனுப்புவது, அவர் மற்றவர்களுக்குச் சொல்வது என்று முடிவெடுத்திருக்கிறோம். இரு பிள்ளைகளும் அவரது இலக்கத்தை மனப்பாடம் செய்திருக்கிறார்கள்.

ஒன்று மட்டும் மிச்சம். எங்களிடம் இரண்டு ஆடுகள் நிற்கின்றன. மகன் அவற்றை விட்டுவிட்டு வரமாட்டான் என்கிறான். என்ன செய்வது?

பதில்: கொட்டியாரத்தான் (மூதூர்)

மாஷா அல்லாஹ், 14 நிமிடம் நல்ல நேரம். புயலுக்கு முதல் நாளே கிளம்புகிறீர்கள் என்றால் ஆடுகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். உங்களை ஏற்றுக்கொள்ளும் வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ஏனென்றால் எல்லாத் தங்குமிடங்களிலும் கால்நடைகளை உள்ளே விடமாட்டார்கள். சுனாமி என்றால் மகனிடம் சொல்லுங்கள், அவனுடைய வேலை இரண்டு: வாளியை எடுப்பது, போகும் வழியில் ஆட்டுக் கயிற்றை அவிழ்ப்பது. வெட்டுவதற்கு ஒரு சின்னக் கத்தியைக் கொட்டில் கப்பில் செருகிவைத்தால் முடிச்சோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. ஆனால் அதை மகளுக்கு எட்டாத உயரத்தில் செருகுங்கள். திட்வாவில் எங்கள் ஒழுங்கையில் செத்த மாடுகளில் பெரும்பாலானவை கட்டையில் கட்டியபடியே கிடந்தன. அவிழ்த்துவிட்ட எங்கள் பசு ஆறாம் நாள் தானாக வந்து வாசலில் நின்றது.